ஐ லவ் லூசி: இதயமா, குச்சி மனிதர்களா, எது அசல் தொடக்கம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிறு வயதில் நீங்கள் பார்த்த 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் தொடக்கத்தில் பளபளக்கும் சாட்டின் துணிமேல் ஒரு இதயம் வரும். அதன்மேல் சாய்ந்த எழுத்தில் தலைப்பு வரும். இப்போது கிடைத்த பிரதியில் அந்த இதயத்தைக் காணோம். குச்சி உடம்போடு லூசியும் அவள் கணவன் ரிக்கியும் கார்ட்டூனாக வருகிறார்கள். இது பிற்காலத்தில் யாரோ வேடிக்கைக்காகச் செய்து ஒட்டியதா, இதயத்தை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் கோபமும் தெரிகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் ஒரு காலத்தில் வந்ததுதான்.

கார்ட்டூன்தான் அசல். 1951 அக்டோபர் 15 அன்று சி.பி.எஸ். அலைவரிசையில் இந்தத் தொடர் தொடங்கியபோது பார்த்தவர்கள் இதயத்தைப் பார்க்கவில்லை. நாம் மனதில் வைத்துக்கொண்டிருக்கும் இதயம், தொடர் முடிந்த பிறகு மறுஒளிபரப்புக்காகச் செய்யப்பட்டது. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் இதயத்துக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அது ஏன் வந்தது என்பதில்தான் இந்தத் தொடரின் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் நான் பார்த்த கதை. லூசியாக நடித்த லூசில் பால் 1989 ஏப்ரல் 26 அன்று காலமானார். நியூ ஜெர்சியில் இருந்த என் சித்தப்பா, அந்த நாட்களில் டிவியில் வந்த பழைய எபிசோடுகளை ஒரு கேசட்டில் பதிவு செய்து, அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார். அமெரிக்க கேசட் நம் வீட்டு டெக்கில் ஓடாது, படம் உருண்டுகொண்டே இருக்கும். தெருமுனை வீடியோ கடையில் மல்டி சிஸ்டம் டெக் ஒன்று இருந்தது. அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்து பார்த்தோம். திரையில் முதலில் வந்தது அந்த இதயம். கறுப்பு வெள்ளையில் சாட்டின் மடிப்புகள், நடுவில் இதயம், பின்னால் துள்ளிக்கொண்டு வரும் இசை. அடுத்து சாக்லேட் தொழிற்சாலை எபிசோட். லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் வேலைக்குச் சேர்ந்து, ஓடும் பெல்ட்டில் வருகிற சாக்லேட்டைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். பெல்ட் வேகம் பிடிக்கிறது. சுற்ற முடியாததை வாயில் போடுகிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டெக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மூன்று முறை பார்த்தோம், மூன்று முறையும் இதயத்திலிருந்துதான் தொடங்கினோம்.

அதனால் பல வருடம் கழித்து டிவிடி தொகுப்பில் அந்தக் கார்ட்டூனைப் பார்த்தபோது, இது யாரோ செய்த போலி என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1951இல் அமெரிக்க டிவி எப்படி நடந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இன்று ஒரு நிகழ்ச்சியின் நடுவே இருபது கம்பெனி விளம்பரம் வருகிறது. அன்று பெரும்பாலும் ஒரே கம்பெனி அந்த அரைமணி நேரத்தையே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். நிகழ்ச்சியின் பெயரிலேயே கம்பெனி இருக்கும். டெக்சாகோ ஸ்டார் தியேட்டர், கோல்கேட் காமெடி அவர் என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. நம் ஊரில் 'வழங்குவோர்' என்று சொல்வோமே, அந்த வழங்குவோர் வெறும் பெயர்ப்பலகை இல்லை, நிகழ்ச்சிக்கே படியளப்பவர். 'ஐ லவ் லூசி'க்குப் படியளந்தது பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனி.

ஆகவே தொடக்கக் காட்சியில் ஒரு பெரிய பிலிப் மோரிஸ் சிகரெட் பெட்டி நிற்கும். குச்சி உருவ லூசியும் ரிக்கியும் அதிலிருந்து இறங்கி வருவார்கள். தொடக்கத்தோடு முடிந்துவிடாது, எபிசோடின் நடுவில் விளம்பரத்துக்குப் போகும்போதும் அதே குச்சி மனிதர்கள் வந்து வழிவிடுவார்கள். கதைக்குள்ளேயும் லூசியும் ரிக்கியும் சிகரெட் பிடிப்பார்கள், சில நேரம் எத்தலும் அவள் கணவன் பிரெட்டும்கூட. கதையும் விளம்பரமும் ஒரே துணியில் நெய்தது போல இருந்தன.

அந்தக் குச்சி மனிதர்களை வரைந்தது யார் தெரியுமா? வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் சேர்ந்த குழு. அப்போது அவர்கள் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் 'டாம் அண்ட் ஜெர்ரி' செய்துகொண்டிருந்தார்கள். வெளியே வேலை செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்ததால், இந்தக் கார்ட்டூனில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் இல்லாததாலேயே இதை அநாமதேயமான, மலிவான ஒட்டுவேலை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு முறை பார்க்கும்போது அந்த இரண்டு உருவங்களும் எப்படி நடக்கின்றன, எப்படி உடம்பை வளைக்கின்றன என்று கவனியுங்கள். நாலு கோட்டில் ஒரு ஆளை உயிரோடு நிறுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இனி இதயத்துக்கு வருவோம். அது வருவதற்குக் காரணமே ஃபிலிம்தான்.

அன்று பெரும்பாலான நகைச்சுவை நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. மேற்குக் கரைக்கு அதை அனுப்ப, டிவி திரையையே ஃபிலிம் கேமரா வைத்துப் படம் பிடித்து அனுப்புவார்கள். கினெஸ்கோப் என்று அதற்குப் பெயர். மங்கலாக, கலங்கலாக இருக்கும். லூசில் பாலும், அவர் கணவரும் ரிக்கியாக நடித்தவருமான டெசி அர்னாசும் ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். அப்படியானால் ஜனத்தொகை அதிகமுள்ள கிழக்குக் கரைக்காரர்கள் மங்கல் படம் பார்க்க வேண்டும். சிகரெட் வாங்குபவர்கள் அங்கேதான் அதிகம், அதனால் பிலிப் மோரிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, 35 மி.மீ. ஃபிலிமிலேயே எடுத்துவிடுவோம், இரண்டு கரைக்கும் ஒரே தரம் என்று டெசி முடிவு செய்தார். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும், எதிரே நிஜமான பார்வையாளர்கள் உட்கார்ந்து சிரிப்பார்கள். ஒளிப்பதிவுக்கு வந்தவர் கார்ல் பிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபொலிஸ்' எடுத்த கை. மூன்று கேமராவுக்கும் ஒரே சமயத்தில் பொருந்துகிற மாதிரி ஒளியமைப்பை அவர் உருவாக்கினார்.

இதற்குச் செலவு கூடும். அந்தச் செலவுக்கு ஈடாக லூசியும் டெசியும் தங்கள் வாரச் சம்பளத்தில் 1000 டாலரைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: ஒளிபரப்பு முடிந்த பின் அந்த ஃபிலிம்கள் எங்கள் டெசிலு கம்பெனிக்குச் சொந்தம். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை இன்னொரு முறை யார் பார்ப்பார்கள் என்று எல்லாரும் நினைத்த காலம், அதனால் சம்மதித்துவிட்டார்கள். பின்னாளில் அந்த எபிசோடுகளின் உரிமையைச் சி.பி.எஸ். பல மில்லியன் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில்தான் டெசிலு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையும் வாங்கியது. 1940இல் லூசியும் டெசியும் சம்பளத்துக்கு நடிக்கப் போய், ஒருவரையொருவர் முதன்முதலில் சந்தித்த இடமே அந்த ஆர்.கே.ஓ.தான். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ஃபிலிம் இருந்ததால் மறுஒளிபரப்பு வந்தது. மறுஒளிபரப்பு வந்ததும் சிக்கலும் வந்தது. எபிசோடின் முகத்திலேயே பழைய கம்பெனியின் பெட்டி நிற்கிறது, ஆனால் இப்போது பணம் கொடுப்பது வேறு கம்பெனி. தொடர் நடந்தபோதே இது தொடங்கிவிட்டது. 1954 முதல் பிராக்டர் அண்ட் கேம்பிள் பங்குக்கு வந்தது; சியர் என்ற சலவைத்தூளும், வீட்டிலேயே முடியைச் சுருட்டிக்கொள்ளும் லில்ட் என்ற பொருளும் தொடக்கத்தில் இடம் பிடித்தன. 1955இல் ஜெனரல் ஃபுட்ஸ் தன் சாங்கா காபியோடு வந்தது. கடைசியில் ஃபோர்டு கார் கம்பெனி. பொருள் மாற மாற, குச்சி மனிதர்கள் விளையாடும் இடமும் மாறியது. எனவே 'அசல் தொடக்கம்' என்று ஒருமையில் சொல்வதே சரியில்லை. எந்த வருடத்து எபிசோட், அன்று வழங்கியது யார் என்பதைப் பொறுத்து அது வேறுபடும்.

1957 மே மாதத்தோடு அரைமணி நேரத் தொடர் நின்றது. ஆறு பருவங்கள், 180 எபிசோடுகள். 1959இல் சி.பி.எஸ். அவற்றைப் பகல் நேரத்தில் தினசரி போடத் தொடங்கியது. அது 1967 வரை ஓடியது. அதற்கு யாருடைய பெட்டியும் இல்லாத, யார் விளம்பரம் கொடுத்தாலும் இடிக்காத ஒரு முகப்பு வேண்டும். எல்லா எபிசோடுக்கும் பொருந்த வேண்டும். அப்படி வந்ததுதான் சாட்டின்மேல் இதயம். பகலில் வீட்டில் இருந்த அம்மாக்கள், காய்ச்சலென்று பள்ளிக்கு லீவு போட்ட பிள்ளைகள், பிறகு உள்ளூர் சேனல்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போனபோது பார்த்தவர்கள், எல்லாரும் இதயத்தோடுதான் லூசியைச் சந்தித்தார்கள். நீங்களும் நானும் அந்த வரிசையில் வருகிறவர்கள்.

புகைபிடிப்பது கெடுதல் என்பதால் கார்ட்டூனை மறைத்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். தேதியை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டது 1964 ஜனவரியில். டிவியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை அமலானது 1971 ஜனவரி 2 அன்று. இதயம் இரண்டுக்கும் முந்தியது. வியாபாரக் காரணம் மட்டுமே போதுமானதாக இருந்தது. கதைக்குள் அவர்கள் சிகரெட் பிடிக்கும் காட்சிகள் அப்படியே இருந்தன என்பதையும் பாருங்கள். ஆனாலும் அந்தப் பெட்டிமேல் துள்ளும் குச்சி ரிக்கியைப் பார்க்கும்போது, டெசி அர்னாஸ் 1986இல் 69 வயதில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார் என்பது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இதயத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 'ஐ லவ் லூசி' என்ற தலைப்பில் 'நான்' என்பது யார்? டெசிதான். லூசில் பால் அதற்கு முன் ரேடியோவில் ஒரு கணவன் மனைவி நகைச்சுவைத் தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். அதையே டிவிக்குக் கொண்டுவரச் சி.பி.எஸ். கேட்டபோது, என் கணவரோடு நடித்தால்தான் வருவேன் என்றார். கியூபாக்காரரும், தடித்த உச்சரிப்பு உள்ளவருமான ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று அலைவரிசைக்காரர்கள் தயங்கினார்கள். இருவரும் 1950இல் ஊர் ஊராக மேடையேறி, ஏற்பார்கள் என்று காட்டிய பிறகுதான் வழி பிறந்தது. நிஜ வாழ்க்கையில் சுற்றுப்பயணமும் படப்பிடிப்புமாகப் பிரிந்தே இருந்த தம்பதி, ஒரே ஊரில் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதற்காகவும் இந்தத் தொடரை விரும்பினார்கள். 1953 ஜனவரி 19 அன்று திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே நாளில் நிஜத்திலும் லூசில் பாலுக்கு மகன் பிறந்தான். 4 கோடியே 40 லட்சம் பேர் அந்த எபிசோடைப் பார்த்தார்கள். மறுநாள் நடந்த புதிய ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்களைவிட அது மிக அதிகம்.

1960 மார்ச்சில் லூசில் பால் விவாகரத்துக்கு மனு போட்டார். அதாவது, பகல் நேர மறுஒளிபரப்பில் அந்த இதயம் தினம் தினம் வந்துகொண்டிருந்தபோது, அதன்மேல் பெயர் எழுதப்பட்ட இருவரும் பிரிந்துகொண்டிருந்தார்கள், பிரிந்தும் போனார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த இதயத்தை வெறும் ஒட்டுவேலை என்று என்னால் தள்ள முடிவதில்லை. கார்ட்டூன் அசல்தான், ஆனால் அது ஒரு பொருளை விற்க வந்தது. இதயம் எதையும் விற்கவில்லை. தலைப்பில் உள்ள சொல்லை மட்டும் எடுத்துப் படமாக்கி வைத்தது.

இப்படி முகப்பு மாறியது இந்தத் தொடருக்கு மட்டும் நடந்ததில்லை. கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'தி பிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தலைப்புப் பாட்டு மனப்பாடமாக இருக்கும். 1960இல் அது தொடங்கியபோது அந்தப் பாட்டே கிடையாது. முதல் இரண்டு பருவங்களும் பாடல் இல்லாத வேறொரு இசையோடு, வேறு காட்சிகளோடு தொடங்கின. பாட்டு மூன்றாம் பருவத்தில்தான் வந்தது. பிறகு மறுஒளிபரப்பில் பழைய எபிசோடுகளின் தலையிலும் புதிய பாட்டையே வைத்துவிட்டார்கள். தொடக்க வருடங்களில் அதற்கு வழங்குவோர் வின்ஸ்டன் சிகரெட்; அதன் நாயகர்கள் பிரெட்டும் பார்னியும் புகைத்துக்கொண்டே விளம்பரம் செய்தார்கள். அந்தத் தொடரைச் செய்தவர்கள் யார்? அதே ஹன்னாவும் பார்பெராவும். லூசிக்குப் பெயர் போடாமல் வரைந்தவர்கள், இப்போது தங்கள் பெயரிலேயே கம்பெனி நடத்தினார்கள்.

ஆனால் விளையாட்டுக்காகவே முகப்பை மாற்றியவர்களும் உண்டு. 1961இல் வந்த 'டிக் வான் டைக் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் பருவத்திலிருந்து, முகப்பில் கதாநாயகன் ராப் வீட்டுக்குள் நுழைந்து, நடுக்கூடத்தில் கிடக்கும் மெத்தை முக்காலியில் தடுக்கிக் குப்புற விழுவார். இன்னொரு வடிவத்தில் அதைக் கெட்டிக்காரத்தனமாகச் சுற்றிக்கொண்டு போவார். மூன்றாவது வடிவத்தில் சுற்றிக்கொண்டு போய், அடுத்த அடியில் வேறெங்கோ இடறுவார். இந்த வாரம் விழுவாரா மாட்டாரா என்று வீட்டில் உட்கார்ந்து பந்தயம் கட்டுவார்கள். அந்தத் தொடரும் டெசிலுவின் ஸ்டூடியோவில்தான் படமானது. அங்கே மாற்றம் பார்வையாளருக்குக் கொடுத்த பரிசு. லூசியில் மாற்றம் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது.

உங்களுக்குப் போலி என்று ஏன் தோன்றியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் டிவி லேண்ட் என்ற பழைய தொடர்களுக்கான சேனல், அசல் கார்ட்டூன் தொடக்கங்களை மீட்டுப் போட்டது. நல்ல காரியம். ஆனால் சிகரெட் கம்பெனியின் பெயரைக் காட்டக் கூடாது என்று அந்த இடத்தில் தன் சின்னத்தையே ஒட்டிவிட்டது. 1951இன் கார்ட்டூனில் பிற்காலச் சேனலின் சின்னம் இருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? சேனல் தனக்காகச் செய்துகொண்டது என்றுதானே. நிறையப் பேர் அப்படியே நம்பிவிட்டார்கள். உண்மையைக் காட்ட வந்த பிரதியே உண்மையைச் சந்தேகிக்க வைத்துவிட்டது. இதில் என் கருத்து உறுதியானது: மீட்பதானால் முழுவதும் மீட்க வேண்டும். அந்தப் பெட்டி அங்கே நிற்கட்டும். ஒரு நாடே சிரித்த குடும்பத்தின் வாசலில் சிகரெட் பெட்டி நின்றது என்பதும் வரலாறுதான். பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அதைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொள்ளலாம்.

போன வருடம் அம்மாவுக்கு டிவிடியில் அந்த அசல் தொடக்கத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். "இது டாம் அண்ட் ஜெர்ரி மாதிரி இருக்கே" என்றாள். யார் வரைந்தது என்று நான் அதுவரை சொல்லவே இல்லை. அப்புறம், "அந்த ஹார்ட்டு வரதையும் போடு" என்றாள்.

டிவிடி தொகுப்பு உங்களுக்குக் கிடைத்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். பெரும்பாலான எபிசோடுகள் அதிலும் இதயத்தோடுதான் தொடங்குகின்றன. கார்ட்டூன் தொடக்கங்களையும், நடுவில் விளம்பரத்துக்கு வழிவிடும் துண்டுகளையும் சுத்தம் செய்து, கூடுதல் அம்சங்கள் என்ற பகுதியில் தனியாக வைத்திருக்கிறார்கள். மெனுவில் அந்தப் பகுதிக்குப் போனால்தான் கண்ணில் படும். முதல் பருவத்து வட்டில் சிகரெட் பெட்டியைப் பாருங்கள், பிறகு கடைசிப் பருவத்து வட்டைப் போட்டு எந்தப் பொருள் வந்திருக்கிறது என்று பாருங்கள். சாக்லேட் எபிசோட் இரண்டாம் பருவத்தின் முதல் எபிசோட், 1952 செப்டம்பரில் வந்தது.